சிறைக்குள்ளே ஒரு தொட்டில்

(செயல் வீரர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, ஞாயிறு இதழுக்காக எழுத்து வடிவில்)

தேர்தல் வேலையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று எண்ணி வந்திருப்பீர்கள். கிளைக் கணக்கு, வாக்காளர் பட்டியல், வீடு வீடாகச் செல்லவேண்டிய முறை, இவையெல்லாம் பேசவேண்டியவைதாம். பேசுவதற்கு நம்மிடையே வல்லவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இன்று எடுத்துக்கொண்டிருப்பது, வாக்காளர் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் நமக்கு ஒரு வாக்கும் தரமுடியாத ஒரு கூட்டத்தாரைப் பற்றி. அவர்கள் தர மறுப்பவர்கள் அல்லர். தரக்கூடாது என்று சட்டம் தடுத்து வைத்திருப்பவர்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர் வாக்களிக்க இயலாது. அது மட்டுமன்று, குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாமல், விசாரணைக்காக அடைத்து வைக்கப்பட்டிருப்பவரும் வாக்களிக்க இயலாது. தடுப்புக் காவலில் இருப்பவர்க்கு மட்டுமே விலக்கு உண்டு.

வாக்கில்லாதவரைப் பற்றிக் கட்சிக்காரனுக்கு என்ன கவலை என்று உங்களில் சிலருக்குக் கேட்கத் தோன்றும். கேளுங்கள். அதற்கு விடை கூறவே இங்கே நிற்கிறேன்.

1938ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாளை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். கட்டாய இந்தியை எதிர்த்துச் சென்னையிலே மறியல். மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், சீதம்மாள் என்று பெண்கள் அணி சிறை புகுந்த நாள் அது. சீதம்மாள் தனியாகச் செல்லவில்லை. மூன்று வயது மகளும், ஒரு வயதுக் குழந்தையும் தாயோடு சென்றார்கள். அந்தக் கிளர்ச்சி ஓய்வதற்குள் 73 பெண்கள் சிறை சென்றார்கள். அவர்களோடு 32 பிள்ளைகளும் சென்றார்கள். பால்மணம் மாறாத வாய்கள், சிறைச் சோற்றைச் சுவைத்தன!

அந்த 32 பிள்ளைகளை நாம் போற்றுகிறோம். மேடைதோறும் பெருமையோடு கூறுகிறோம். கூறவேண்டியதுதான். ஆனால் தோழர்களே, அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பேறு இருந்தது. அவர்களுடைய அன்னையர் எதற்காக உள்ளே போனார்கள் என்பதை நாடு அறிந்திருந்தது. அவர்கள் வெளியே வரும் நாளிலே வரவேற்க ஓர் இயக்கம் இருந்தது. யாரும் அவர்களைக் குற்றவாளி பெற்ற பிள்ளை என்று கூறவில்லை. வீரத்தாயின் பிள்ளை என்றார்கள்.

இன்றும் சிறைக்குள்ளே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களை வரவேற்க யார் இருக்கிறார்கள்?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தரும் கணக்கைக் கூறுகிறேன். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளன்று இந்தியச் சிறைகளிலே இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களிலே 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நூற்றுக்கு 75 பேருக்கு மேல், இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்படாதவர்கள்! பெண்கள் 23,772 பேர். அந்தப் பெண்களிலே 1,537 பேர் கைப்பிள்ளையோடு இருந்தார்கள். பிள்ளைகள் எத்தனை பேர்? 1,764 பேர். அந்தப் பிள்ளைகளிலே 1,479 பேரின் அன்னையர் விசாரணைக் கைதிகள்.

எண்களைக் கேட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். இதன் பொருள் என்ன? சிறையிலே தாயோடு வாழ்ந்த ஆறு பிள்ளைகளிலே ஐந்து பேரின் தாய், குற்றம் செய்தாளா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இன்னும் முடிவு கூறவில்லை. முடிவு கூறப்படாத தாய்க்கே சிறை. அந்தத் தாய்க்குப் பிறந்தது தவிர வேறொன்றும் செய்யாத பிள்ளைக்கும் சிறை!

விசாரணை முடியுமுன்னர் ஏன் உள்ளே இருக்கவேண்டும்? ஜாமீன் என்று வழக்கத்திலே நாம் கூறும் பிணை எதற்காக இருக்கிறது? நல்ல கேள்வி. சட்டம் பெண்ணுக்குப் பரிவு காட்டத்தான் செய்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க வழக்கானாலும்கூட, குற்றஞ்சாட்டப்பட்டவர் பெண் என்றால் நீதிமன்றம் பிணை வழங்கலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது. 2024 ஜூலை முதல் நாளிலிருந்து நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது. ஆகவே, பிணை உத்தரவு பல நேரங்களிலே கிடைத்துவிடுகிறது. உத்தரவு கிடைத்த பிறகும் கதவு திறப்பதில்லை. ஏன்? 'இத்தனை ஆயிரத்துக்கு இரண்டு நபர் ஜாமீன்' என்று உத்தரவிலே ஒரு வரி இருக்கிறது. அந்த இரண்டு நபர் எங்கே? புருஷன் கைவிட்டுப் போயிருப்பான், அல்லது அதே வழக்கிலே அவனும் உள்ளே இருப்பான். பிறந்த வீட்டார் மானம் போயிற்று என்று முகம் திருப்பிக்கொண்டிருப்பார்கள். சொத்து வரி ரசீது வைத்திருக்கும் எவரும் அவளுக்கு உறவில்லை. பூட்டு இரும்பால் ஆனது என்று எண்ணுகிறோம். உண்மையிலே அது வறுமையால் ஆனது.

இது இன்று நேற்று கண்ட கொடுமையன்று. 1978ஆம் ஆண்டு, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோத்தி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பிணையிலே விடலாம் என்று மேல்மன்றம் கூறியும், கீழே இருந்த நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் ஜாமீன் நிற்க வந்தபோது, உன் சொத்து வேறு மாவட்டத்திலே இருக்கிறது, செல்லாது என்றார். அன்றாடம் கூலி வாங்கிப் பிழைக்கும் கொத்தனாருக்குப் பத்தாயிரம்! வழக்கை விசாரித்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1,000 ரூபாய்க்கு அவருடைய சொந்தப் பிணையே போதும் என்று தீர்ப்பளித்தார். ஏழையின் கண்ணோடு சட்டத்தைப் படித்த தீர்ப்பு அது.

கிருஷ்ணய்யர் யார் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மலபார் அன்று சென்னை மாகாணத்தோடு இருந்தபோது, 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே வென்று சென்னைச் சட்டமன்றத்திலே அமர்ந்தவர். 1957ஆம் ஆண்டு கேரளத்தின் முதல் அமைச்சரவையிலே சட்டத்தையும் சிறையையும் பொறுப்பேற்றவர். இவை இரண்டுக்கும் முன்னரே, 1948ஆம் ஆண்டு, அவரே சிறையிலே அடைக்கப்பட்டிருந்தவர். பெண் கைதிகளின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவுக்கும் அவரே தலைவர். 1987ஆம் ஆண்டு அக்குழு அறிக்கை தந்தது. உள்ளே இருந்து கதவைப் பார்த்தவர் வெளியே வந்து சட்டத்தைக் கையிலே எடுத்தபோது, அந்தச் சட்டத்துக்கு இதயம் வந்தது. சிறை சென்ற தலைமுறையின் வழிவந்தவர்கள் நாம் என்று கூறிக்கொள்கிறோமே, நமக்கு வரவேண்டியதும் அந்த இதயந்தான்.

இனிப் பிள்ளைகளிடம் வருகிறேன்.

2006ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஆர்.டி. உபாத்யாய் தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. ஆந்திர மாநிலத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு. தீர்ப்பு நாடு முழுமைக்கும். சிறையிலே தாயோடு இருக்கும் பிள்ளையை விசாரணைக் கைதியாகவோ தண்டனைக் கைதியாகவோ நடத்தக்கூடாது. உணவு, உடை, மருத்துவம், கல்வி, விளையாட்டு ஆகியவை அப்பிள்ளைக்குச் சலுகையல்ல, உரிமை என்றது. கருவுற்ற பெண்ணை ஒரு சிறைக்கு அனுப்புமுன்னர், அங்கே பேறுகாலத்துக்குரிய வசதி இருக்கிறதா என்று பார்த்தாகவேண்டும் என்றது. கூடியவரை பிரசவம் சிறைக்கு வெளியே நடக்கவேண்டும் என்றது. தப்பித் தவறிச் சிறையிலே பிறந்துவிட்டால், பிறப்புச் சான்றிதழிலே பிறந்த இடம் சிறை என்று எழுதக்கூடாது. அந்தப் பகுதியின் முகவரியை மட்டுமே எழுதவேண்டும் என்றது. பிள்ளை ஆறு வயது வரை தாயோடு இருக்கலாம். மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் குழந்தைகள் காப்பகமும், அதற்கு மேற்பட்டோருக்கு மழலையர் பள்ளியும் வேண்டும். முடிந்தால் அவை சிறைச்சுவருக்கு வெளியே இருக்கவேண்டும் என்றது.

ஏன் சுவருக்கு வெளியே? அந்தத் தீர்ப்பிலேயே காரணம் இருக்கிறது. சிறையிலே வளரும் பிள்ளைக்கு வீடு என்றால் என்னவென்றே தெரிவதில்லை. ஆண் என்றால் அதற்குத் தெரிந்தவர் காவலரும் சிறை அலுவலரும் மட்டுமே. தாயை வாய்தாவுக்கு அழைத்துச் செல்லும்போது, வீதியிலே நடமாடும் விலங்குகளைக் கண்டு அது அஞ்சி நடுங்குகிறது. நம் வீட்டுப் பிள்ளை பசுவைக் கண்டால் 'அம்மா' என்று அதைப்போலவே குரல் கொடுத்து மகிழ்கிறது. அந்தப் பிள்ளையோ, தாயின் சேலைக்குள்ளே முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. எண்ணிப் பாருங்கள்! நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது நம் தாய்மார் வழக்கம். மாலையிலே அறையைப் பூட்டிய பிறகு அந்தத் தாய் எந்த நிலாவைக் காட்டுவாள்?

நான்கு வயதிலே இந்தக் கொடுமை. ஆறு வயதிலே வேறொரு கொடுமை. ஆறு வயது முடிந்தால் பிள்ளை வெளியே போயாகவேண்டும். எங்கே போகும்? தாய் விரும்பிக் குறிப்பிடும் உறவினரிடம் ஒப்படைக்கலாம். உறவினர் இல்லையென்றால் சமூகநலத் துறையின் இல்லத்துக்கு. இல்லத்திலே இருக்கும் பிள்ளை வாரத்துக்கு ஒரு முறையேனும் தாயைக் காணவேண்டும் என்றும், கூடியவரை அந்தச் சிறை இருக்கும் நகரத்தைவிட்டு வேறெங்கும் அனுப்பக்கூடாது என்றும் தீர்ப்பு கூறுகிறது. ஆனால் வாரந்தோறும் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஓர் ஆள் வேண்டாமா? தீர்ப்பு தாளிலே இருக்கிறது. கை எங்கே இருக்கிறது?

இவ்விடத்திலே ஒரு தோழர் எழுந்து கேட்கக்கூடும்: "ஐயா, எல்லாரும் குற்றமற்றவர்களா? தாலியைப் பறிகொடுத்தவள் அழுகிறாள். மகனைப் பறிகொடுத்தவள் அழுகிறாள். அவர்கள் கண்ணீரைத் துடைக்காமல், செய்தவளுக்குப் பரிவு காட்டுவது நீதியா?"

நேர்மையான கேள்வி. நழுவாமல் விடை கூறுகிறேன். குற்றம் செய்தவருக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் கூறவில்லை. பறிகொடுத்தவரை மறக்கவேண்டும் என்றும் கூறவில்லை. 1998ஆம் ஆண்டு குஜராத் மாநில வழக்கிலே உச்ச நீதிமன்றம் கூறியதைக் கேளுங்கள். சிறையிலே கடுங்காவல் கைதி செய்யும் உழைப்புக்கு நியாயமான கூலி தரவேண்டும். அந்தக் கூலியிலிருந்து ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு ஒதுக்க மாநிலங்கள் சட்டம் செய்யவேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவர் நலமும் கைதியின் மறுவாழ்வும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உழைக்கும் கைதியால்தான் ஈடு கொடுக்க முடியும். உடைந்துபோன கைதியால் யாருக்கும் எதையும் கொடுக்க முடியாது. வெளியே வந்தபின் மீண்டும் திருடுவதைத் தவிர வழியில்லாதவளாக ஒருத்தியை நாம் ஆக்கிவிட்டால், அடுத்து அழப்போகிறவள் வேறொரு வீட்டுப் பெண் அல்லவா?

தண்டனை என்பது நீதிபதி எழுதிய காலத்தோடு முடியவேண்டும். முடிகிறதா?

ஒருத்தி ஐந்தாண்டு முடித்து வெளியே வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலே ஒரு துணிப்பை. சிறையிலே சேர்த்த கூலியிலே கொஞ்சம் பணம். வாசலைத் தாண்டினாள். பேருந்து நிறுத்தத்திலே நின்றாள். எந்த ஊருக்குச் சீட்டு வாங்குவது? பழைய ஊரிலே வீடு இல்லை; குடும்ப அட்டையிலே பெயர் நீக்கப்பட்டிருக்கிறது; மகளை வளர்த்த நாத்தனார் 'இந்தப் பக்கம் வராதே, பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம்' என்று கடிதம் எழுதிவிட்டாள். வேலை கேட்டால், இதற்கு முன் எங்கே இருந்தாய் என்ற கேள்வி முதலிலே வருகிறது. நீதிபதி ஐந்தாண்டு எழுதினார். மீதியை எழுதியவர்கள் யார்? ஊர் எழுதிற்று. நாம் எழுதினோம்.

சிறைக்குள்ளே சில நல்ல முயற்சிகள் நடக்கின்றன, மறைக்காமல் கூறுகிறேன். நம் மாநிலத்துச் சிறைகளிலே தையலும் நெசவும் ரொட்டி சுடுவதும் கற்றுத் தருகிறார்கள். கைதிகள் செய்த பொருள்களை விற்க அங்காடிகள் இருக்கின்றன. 2023ஆம் ஆண்டு, தண்டனை பெற்ற பெண்களே பணிபுரியும் பெட்ரோல் நிலையம் ஒன்று புழலிலே திறக்கப்பட்டது. வண்டிகள் வருகின்றன, அந்தப் பெண்கள் எரிபொருள் நிரப்புகிறார்கள், கணக்குச் சரியாக இருக்கிறது, பணம் சரியாக இருக்கிறது. பாராட்டுவோம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அதே பெண் தண்டனை முடிந்து வெளியே வந்து, அடுத்த தெருவிலே இருக்கும் தனியார் பெட்ரோல் நிலையத்திலே அதே வேலையைக் கேட்டால், முதலாளி என்ன சொல்வார்? கைதியாக இருக்கும்வரை நம்பிப் பணப்பையைக் கொடுத்தோம். விடுதலையானதும் நம்ப மறுக்கிறோம்! இந்த வேடிக்கையை எந்தக் கணக்கிலே எழுதுவது?

சிறைக்குப் போகாமலேயே திருத்தலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. 1936ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணம் குற்றவாளிகளுக்கான நன்னடத்தைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1958ஆம் ஆண்டு நாடு முழுவதற்கும் அத்தகைய சட்டம் வந்தது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றங்களிலே, குற்றத்தின் தன்மையையும் ஆளின் இயல்பையும் பார்த்து, நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையிலே வெளியே விடலாம் என்கிறது அச்சட்டம். அதன் 12ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அவ்வாறு விடப்பட்டவர்க்கு, தண்டிக்கப்பட்டவர் என்ற காரணத்தால் வரும் தகுதியிழப்பு எதுவும் இல்லை என்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? முதல் குற்றத்துக்காக நிற்கும் ஒரு தாய்க்காக, இந்தச் சட்டத்தை நீதிமன்றத்திலே எடுத்துச் சொல்ல எத்தனை வழக்குரைஞர்கள் முன்வருகிறார்கள்? சட்டம் இருக்கிறது; நினைவூட்ட நாக்கு வேண்டும்.

சிறையின் உள்ளேயும் நம் கண் செல்லவேண்டும். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், சிறை விதிகளிலே சாதியைப் பார்த்து வேலை பிரிக்கும் விதிகளெல்லாம் அரசியல் சட்டத்துக்கு மாறானவை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவேட்டிலே சாதி என்ற கட்டத்தையே நீக்கச் சொன்னது. அந்த வழக்கிலே நம் பாளையங்கோட்டைச் சிறையின் பெயரும் அடிபட்டது என்பதை வெட்கத்தோடு கூறிக்கொள்கிறேன். திருத்துவதற்கென்று கட்டிய இடத்திலே, வெளியே நாம் ஒழிக்கப் பாடுபடும் நோயை வளர்த்தால், அங்கிருந்து வருபவர் திருந்தி வருவது எப்படி?

கடல் கடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறேன். நெல்சன் மண்டேலா 27 ஆண்டு சிறையிலே இருந்தவர். அவர் உள்ளே இருந்தபோது, 1968ஆம் ஆண்டு தாய் மறைந்தார். 1969ஆம் ஆண்டு மூத்த மகன் மறைந்தான். இரண்டு இறுதிச் சடங்குக்கும் செல்ல அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1994ஆம் ஆண்டு மே மாதம் அவர் குடியரசுத் தலைவரானார். அதற்கடுத்த மாதமே ஓர் ஆணையிலே கையெழுத்திட்டார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை உடைய பெண் கைதிகளின் மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்த ஆணை அது. கொடுங்குற்றங்கள் மட்டும் விலக்கு. தந்தை ஒருவர், எனக்கும் பிள்ளை இருக்கிறதே என்று வழக்குத் தொடுத்தார். 1997ஆம் ஆண்டு அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் மண்டேலாவின் ஆணை செல்லும் என்றது. அந்தத் தந்தையின் கேள்வியையும் நான் தள்ளிவிடவில்லை. தாயற்ற பிள்ளைக்குத் தந்தை ஒருவரே துணையென்றால் அவனுக்கும் இதே நியாயம் உண்டு. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறொன்று. சிறையிலே அவமதிக்கப்பட்ட ஒருவர் ஆட்சிக்கு வந்ததும், பழிவாங்குவதற்கு முன் பிள்ளைகளை நினைத்தார்.

2010ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, பாங்காக் விதிகள் என்று வழங்கும் 70 விதிகளை ஏற்றுக்கொண்டது. கருவுற்ற பெண்ணுக்கும், சார்ந்து வாழும் பிள்ளையை உடைய பெண்ணுக்கும், இயன்ற இடமெல்லாம் சிறையல்லாத தண்டனையையே விதிக்கவேண்டும் என்பது அவற்றிலே ஒன்று. உலகம் எந்தத் திசையிலே செல்கிறது என்று பாருங்கள்.

சரி, நாம் செய்யவேண்டியது என்ன? மேடையிலே கண்ணீர் சிந்திவிட்டுக் கலைந்து செல்வதற்காக உங்களை அழைக்கவில்லை. நான்கு வேலைகளைக் கூறுகிறேன்.

முதல் வேலை, பிணை. நம் பகுதியைச் சேர்ந்த எந்தப் பெண், பிணை உத்தரவு கிடைத்தும் ஆளில்லாமல் உள்ளே இருக்கிறாள் என்று கேட்டறியுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்ணுக்கும், காவலில் உள்ள எவர்க்கும், வருமானம் பாராமல் இலவச வழக்குரைஞர் தரவேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணை உங்கள் கிளை மன்றத்துச் சுவரிலே எழுதி வையுங்கள். பிணை கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே தானாக எண்ணிப் பார்க்கலாம் என 2023 ஜனவரியிலே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதே ஆண்டு மத்திய அரசு வகுத்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்திலே, பிணைக்காகவும், அபராதம் கட்டவும் பணம் பெற வழி இருக்கிறது. முதன்முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், அந்தக் குற்றத்துக்குரிய உச்சத் தண்டனையிலே மூன்றில் ஒரு பங்குக் காலம் உள்ளே இருந்துவிட்டால், பெரும்பாலான வழக்குகளிலே பிணைக்கு உரியவர் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு கூறுகிறது. இவற்றையெல்லாம் கேட்டுப் பெற்றுத் தர ஆள் வேண்டும். அதற்கும் மேலே, சொத்துள்ள தோழர்கள் நல்லது கெட்டது விசாரித்து, தாமே ஜாமீன் நிற்கவேண்டும். கையெழுத்துப் போடுவதோடு கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவளை அழைத்து வந்து நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு. அதை அறிந்தே போடுங்கள். கூலிக்கு ஜாமீன் நிற்கும் கூட்டத்திடம் ஒரு தாயை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது வேலை, பிள்ளை. ஆறு வயதிலே வெளியே வரும் பிள்ளைக்கு நம் மகளிர் அணித் தோழியர் அத்தையாக, சித்தியாக இருக்கவேண்டும். சட்டப்படி குழந்தைகள் நலக் குழுவின் வழியே செய்யுங்கள். பள்ளியிலே சேர்ப்பது, காய்ச்சல் என்றால் பார்ப்பது, 'மனு' எழுதிக் கொடுத்து வாரத்துக்கு ஒரு நாள் தாயிடம் அழைத்துச் செல்வது, இதுதான் வேலை. தாயின் முகம் மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே மகள் காத்திருக்கிறாள் என்று தெரிந்த பெண்ணுக்குத் திருந்தி வாழ வேறு உபதேசம் வேண்டாம்.

மூன்றாவது வேலை, விடுதலை நாள். அன்று வாசலிலே ஒருவர் நிற்கவேண்டும். கையிலே பேருந்துச் சீட்டும், வாயிலே 'வா, அம்மா' என்ற ஒரு சொல்லும் போதும். மறுநாள் குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு. அந்த மாதமே மகளிர் சுயஉதவிக் குழுவிலே ஓர் இடம். தையல் கூடமோ, உணவு விடுதியோ, பட்டறையோ வைத்திருக்கும் தோழர்கள் ஆளுக்கு ஒருவருக்கு வேலை தாருங்கள். பத்துப் பேருக்குத் தரும்படி கேட்கவில்லை, ஒருவருக்கு.

நான்காவது வேலை, அரசியல். சிறைக்கு வெளியே குழந்தைகள் காப்பகம், போதிய நன்னடத்தை அலுவலர்கள், தாய்மார்க்குச் சிறையல்லாத தண்டனை ஆகிய இவற்றைச் சட்டமன்றத்திலும் ஊராட்சி மன்றத்திலும் கேளுங்கள். ஆட்சியிலே யார் இருந்தாலும் கேளுங்கள். நாமே இருந்தாலும் நம்மிடமே கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த வேலைக்குக் கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், சுவரொட்டி வேண்டாம். சிறப்பாக, படம் வேண்டாம். வெளியே வந்த தாயின் பக்கத்திலே நின்று படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினீர்களானால், பிறப்புச் சான்றிதழிலே எழுதக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்த அந்தச் சொல்லை நீங்கள் பிள்ளையின் நெற்றியிலே எழுதிவிடுவீர்கள். ஊர் அறியாமல் செய்யுங்கள்.

வாக்கில்லாதவரைப் பற்றிக் கட்சிக்காரனுக்கு என்ன கவலை என்று தொடக்கத்திலே ஒரு கேள்வியை விட்டு வந்தேன். வாக்குள்ளவனிடம் நாம் காட்டும் அன்பிலே எவ்வளவு அன்பு, எவ்வளவு கணக்கு என்று நமக்கே தெரிவதில்லை. வாக்கில்லாதவளிடம் காட்டும் அன்பிலே அந்த ஐயம் கிடையாது. நம் நாணயத்தை நாமே உரைத்துப் பார்க்கும் கல் அது. 1938லே சிறை சென்ற அந்த 32 பிள்ளைகளுக்கு அவர்கள் அறியாமலே ஓர் இயக்கம் துணை நின்றது. இன்றைக்கு உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் அறியாமலே துணை நிற்போம்.

அடுத்த வாரம் கிளைக் கூட்டம் கூடும்போது, வரவு செலவு படித்து முடித்தபின், ஒரே ஒரு கேள்வியைக் குறிப்பேட்டிலே எழுதுங்கள்: நம் பகுதிப் பெண் எவரேனும் உள்ளே இருக்கிறாரா? விடை கிடைத்தால், நாளையே இருவர் புறப்படுங்கள்.